கப்பலும் செக்கும்

சரித்திரம் படிக்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. தேதியைத் தேடுகிறவர்கள் ஒரு ரகம். சாமானைத் தேடுகிறவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது ரகம். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு அது தொழில் வழியில் வந்த சுபாவம். ஒரு பாட்டியைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அவளுடைய வயதைவிட அவளுடைய வெற்றிலைச் செல்லம் எனக்கு முக்கியம். மனிதர் போன பிறகும் சாமான் இருக்கிறது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் மனிதர் பேசத் தொடங்கிவிடுவார்.

அதனால்தான் முழுகிப்போன கப்பல்களைப் பற்றி எது கிடைத்தாலும் விடாமல் படிக்கிறேன். முழுகிய கப்பல் என்பது, பூட்டிச் சாவியைத் தொலைத்துவிட்ட வீடு மாதிரி. எப்போது திறந்தாலும் பூட்டிய அன்றைக்கு இருந்த சாமான் உள்ளே இருக்கும். அந்த வகையில் உலகத்திலேயே பெயர் பெற்ற வீடு டைட்டானிக்.

அதன் கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அது கட்டப்பட்ட விதம் கதையைவிடச் சுவாரஸ்யமானது. அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரத்தில் ஹார்லண்டு அண்டு உல்ப் கம்பெனியின் கப்பல் பட்டறையில் 1909 மார்ச் 31-ஆம் தேதி அதன் அடிக்கட்டையை வைத்தார்கள். நீளம் 882 அடி, அகலம் 92 அடி. எங்கள் நெல்லையப்பர் கோயிலின் நீளம் 850 அடி என்பார்கள். கோயிலின் கீழ வாசலில் நின்று மேல வாசலை நினைத்துப் பார்த்தால், அந்தக் கப்பல் எவ்வளவு பெரியது என்பது திருநெல்வேலிக்காரர்களுக்கு விளங்கிவிடும்.

இவ்வளவு பெரிய உடம்பை ஒட்டவைத்தது தறையாணிகள். சுமார் 30 லட்சம் ஆணிகள். ஒருவன் ஆணியை உலையில் காய்ச்சிக் கொடுப்பான். ஒரு பையன் அதை வாங்கித் துவாரத்தில் செருகுவான். இரண்டு பேர் சம்மட்டியால் அடிப்பார்கள். யந்திரம் நுழைய முடிந்த இடங்களில் யந்திரத்தால் எஃகு ஆணிகளை அடித்தார்கள். முன்பக்கமும் பின்பக்கமும் வளைகிற இடங்களில் யந்திரம் நுழையாது. அங்கே கையால் அடித்தது இரும்பு ஆணி. கடலுக்கடியிலிருந்து எடுத்து வந்த ஆணிகளைப் பரிசோதித்த உலோக நிபுணர்கள், இரும்பு ஆணிகளில் கசடு அதிகமாக இருந்தது என்றும், பனிப்பாறை உராய்ந்தபோது அவை தலை தெறித்துத் தகடுகள் பிரிந்திருக்க வேண்டும் என்றும் சொல்லுகிறார்கள். பெரிய விஷயங்கள் சின்ன ஆணியில்தான் நிற்கின்றன.

உள்ளே ஓர் அரண்மனை. முதல் வகுப்பாருக்குக் கண்ணாடிக் கூரையின் கீழே ஓக் மரத்தில் கடைந்த மாடிப்படி, ஏறி இறங்க மின்சார லிப்டு மூன்று, நீந்துவதற்குக் குளம், துருக்கியர் முறையில் ஆவிக்குளியல் அறை, பந்தாடும் கூடம். மிக உயர்ந்த அறைத் தொகுதிக்குக் கட்டணம் 870 பவுன். அன்றைய மதிப்பில் பவுனுக்கு 15 ரூபாய். கணக்குப் போட்டால் 13,050 ரூபாய். அதே கப்பலில் மூன்றாம் வகுப்பில் 700 பேருக்கு மேல் பிரயாணம் செய்தார்கள். அவர்கள் அத்தனை பேருக்கும் குளிப்பதற்கு இருந்த தொட்டிகள் இரண்டு; ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. ஆனாலும் மேஜையில் விரிப்புப் போட்டு அவர்களுக்குச் சாப்பாடு பரிமாறினார்கள். அந்தக் காலத்து மூன்றாம் வகுப்புக்கு அதுவே பெரிய மரியாதை.

இரண்டாம் வகுப்பில் நம்முடைய பழைய சென்னை மாகாணத்திலிருந்து போன ஒரு சிறுமி இருந்தாள். பெயர் ரூத் பெக்கர், வயது 12, குண்டூரில் பிறந்தவள். தகப்பனார் அங்கே அமெரிக்க லூதரன் பாதிரியார். கைக்குழந்தையான தம்பிக்கு உடம்பு சரியில்லை என்பதால் தாயார் மூன்று குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் புறப்பட்டாள். கப்பல் முழுகிய இரவில் தாயாரும் சின்னக் குழந்தைகளும் 11-ஆம் நம்பர்ப் படகில் ஏறினார்கள். அதில் இடமில்லை என்று நின்றுவிட்ட ரூத், 13-ஆம் நம்பர்ப் படகில் தனியாக ஏறினாள். விடிந்த பிறகு, காப்பாற்ற வந்த கார்பேதியா கப்பலில் தாயும் மகளும் மறுபடியும் சந்தித்தார்கள். கப்பலில் இருந்த சுமார் 2,200 பேரில் 1,500 பேர் மாண்டார்கள். முதல் வகுப்பில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் பிழைத்தார்கள்; மூன்றாம் வகுப்பில் நூற்றுக்கு 25 பேர்தான்.

அது நடந்தது 1912 ஏப்ரல் 15. பிறகு 73 வருஷம் கப்பல் கிடந்த இடம் தெரியவில்லை. 1985 செப்டம்பர் 1-ஆம் தேதி அமெரிக்கரும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். கடலின் ஆழம் அங்கே சுமார் 12,500 அடி. எங்கள் தாமிரபரணி பிறக்கிற பொதிகை 6,100 அடிச் சொச்சம்; இரண்டு பொதிகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாலும் நீர் மட்டத்துக்கு மேலே சிகரம் தெரியாது. அந்த ஆழத்திலிருந்து 1987 முதல் 5,000-க்கு மேற்பட்ட சாமான்களை எடுத்துவிட்டார்கள். பீங்கான் தட்டுகளை அடுக்கி வைத்திருந்த மரப்பெட்டி மக்கிப் போய், தட்டுகள் மட்டும் அடுக்கு மாறாமல் மணலில் வரிசையாக நின்றன. தோல்பைகளுக்குள் இருந்த கடிதங்களும் நோட்டுகளும் கெடாமல் கிடைத்தன. பதனிட்ட தோலைக் கடல்கிருமிகள் தீண்டுவதில்லையாம். மான்செஸ்டர் வாசனைத் திரவிய வியாபாரி ஒருவர் மாதிரிக்காகக் கொண்டுபோன சின்னஞ்சிறு குப்பிகள் 2000-ஆம் ஆண்டில் மேலே வந்தன. திறந்தபோது வாசனை வந்தது. 88 வருஷம் உப்புத் தண்ணீரில் கிடந்த வாசனை!

இதையெல்லாம் படித்துப் புத்தகத்தை மூடும்போது என் மனசில் ஒரு கேள்வி எழும். நம்முடைய கப்பலின் சாமான் எங்கே?

'நம்முடைய கப்பல்' என்று நான் சொல்லுவது தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை ஓட்டிய சுதேசிக் கப்பல். இரண்டையும் சேர்த்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. பெல்பாஸ்டில் டைட்டானிக்குக்கு அடிக்கட்டை வைத்த நாளில், சிதம்பரம் பிள்ளை கோயம்புத்தூர்ச் சிறையில் கைதி. 1911 மே 31-ஆம் தேதி அது தண்ணீரில் இறங்கியபோது அவர் கண்ணனூர்ச் சிறையில் இருந்தார். அதற்குப் பதினேழு நாள் கழித்து மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வெடிச் சத்தம் கேட்டது. அந்த வருஷத்திலேயே சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. மறு வருஷம் டைட்டானிக் முழுகியது. அதே வருஷம் டிசம்பர் 24-ஆம் தேதி பிள்ளை விடுதலையானார். ஒரே காலத்தில் இரண்டு கப்பல் கதைகள். ஒன்றை உலகம் முழுவதும் படித்தது. மற்றொன்றை நாமே பாதிதான் படித்திருக்கிறோம்.

நம்முடைய கப்பல் கட்டப்பட்ட விதத்தைப் பார்ப்போம். அதன் இரும்புத் தகடுகளை யார் அடித்தார்கள் என்பதல்ல இங்கே விஷயம். கப்பல்கள் வெளிநாட்டில் உருவானவை; விலைக்கு வாங்கியவை. இங்கே கட்டியது கம்பெனியை. 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஆசியாக் கண்டத்தார் யாரும் பங்கு வாங்கலாம், மற்றவர்களுக்கு இடமில்லை. தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வர்த்தகர் ஒருவரே 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். மீதியைப் பிள்ளையவர்கள் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்தார்.

டைட்டானிக் கட்ட ஆன செலவு 15 லட்சம் பவுன். அதாவது 2 கோடியே 25 லட்சம் ரூபாய். சுதேசிக் கம்பெனியின் மூலதனத்தைப் போல இருபத்திரண்டு மடங்குக்கு மேல். அந்த 870 பவுன் அறையில் ஒரு குடும்பம் ஒரு முறை போய்வராமல் இருந்தால் அந்தப் பணத்துக்கு இங்கே 522 பங்குகள் வாங்கியிருக்கலாம். இந்தக் கணக்கைக் குறை சொல்வதற்காகப் போடவில்லை. எவ்வளவு சின்ன ஆணிகளை வைத்து எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்தார்கள் என்பதைக் காட்டுவதற்காகத்தான். அங்கே 30 லட்சம் தறையாணி என்றால் இங்கே 40,000 பங்கு. கம்பெனியின் நோக்கங்களில் கப்பல் ஓட்டுவதோடு, நம்மவர்களுக்குக் கப்பல் தொழிலைக் கற்றுக்கொடுப்பதும், கப்பல் கட்டும் துறை அமைப்பதும் இருந்தன. வாடகைக் கப்பலில் வியாபாரம் செய்துவிட்டுப் போகிற எண்ணம் அவர்களுக்கு இல்லை.

ஆனாலும் தொடக்கம் வாடகைக் கப்பலில்தான். பம்பாய் ஷா லைன் கம்பெனியிடம் கப்பலை வாடகைக்கு எடுத்தார்கள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஏகபோகமாக ஓட்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்கு அது பிடிக்கவில்லை. நெருக்கடி கொடுத்ததில் ஷா லைன் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பிறகு கொழும்பில் ஒரு கப்பலை அமர்த்திச் சமாளித்தார்கள். இரவல் நகையைப் போட்டுக்கொண்டு எத்தனை நாள் கல்யாணத்துக்குப் போவது? சொந்தக் கப்பல் வாங்கியே தீருவது என்று பிள்ளை பம்பாய்க்குப் புறப்பட்டுப் போனார். 1907-இல் 'காலியா' வந்தது. பிறகு 'லாவோ' வந்தது.

அப்போதைய தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. கரையோரத்தில் ஆழம் போதாது. பல மைல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பிரயாணிகளும் மூட்டைகளும் படகிலும் தோணியிலும் போய்த்தான் ஏற வேண்டும். பெரிய கப்பல் கரையணையும் துறைமுகம் 1974-இல்தான் வந்தது. ஆகவே காலியாவைப் பார்க்க வந்த ஜனங்கள் கடற்கரையில் நின்று, தூரத்தில் தெரிந்த புகையைத்தான் பார்த்திருப்பார்கள். அதைப் பார்த்தே ஆனந்தப்பட்டார்கள் என்றால் அந்தப் புகை அவர்களுடைய சொந்தப் புகை.

உள்ளே எப்படி இருந்தது? கண்ணாடிக் கூரையும் நீச்சல் குளமும் அங்கே இல்லை. முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம் என்று வ.உ.சி.யின் வரலாற்றை எழுதியவர்கள் கணக்குச் சொல்லுகிறார்கள். இந்த மூன்று எண்களையும் வரிசையாகப் பாருங்கள். கப்பல் யாருக்காக ஓடியது என்பது விளங்கிவிடும். பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி வழியாக இலங்கைப் போக்குவரத்து நடக்கத் தொடங்கியது 1914-இல்தான். அதற்கு முன்னால் கொழும்பில் கடை வைத்தவர்களும், மலையகத் தோட்டங்களுக்குப் போனவர்களும் திரள் திரளாகத் தூத்துக்குடி வழியாகவே போனார்கள். மேல்தளத்தில் பாயை விரித்து, கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டு, முடிச்சைத் தலைக்கு வைத்துப் படுத்தால் விடிந்த பிறகு கொழும்பு. அந்த 1,300 பேர் படுத்த பலகைதான் சுதேசிக் கப்பலின் ஓக் மாடிப்படி.

டைட்டானிக்கைப் பனிப்பாறை முழுக்கியது. சுதேசிக் கப்பலை முழுக்கியது டிக்கெட் விலை. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது என்றும், சுதேசிக் கம்பெனி அரை ரூபாயாகக் குறைத்தது என்றும், அதற்குப் பிறகு வெள்ளைக்காரன் 'சும்மாவே ஏறிக்கொள், போகும்போது ஒரு குடையும் எடுத்துக்கொண்டு போ' என்று சொன்னான் என்றும் இந்தப் பக்கத்தில் பிறந்த எல்லோரும் கேட்டிருக்கிறோம். 10 லட்ச ரூபாய்க்காரன் எத்தனை நாளைக்குக் குடை கொடுக்க முடியும்? தண்ணீரில் ஓட்டை தெரியும். கணக்குப் புத்தகத்தில் ஓட்டை விழுந்தால் வெளியே தெரியாது.

அதோடு வழக்கும் வந்தது. 1908 பிப்ரவரி மாதக் கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணையாக நின்றார்கள், தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். மில் ஹார்விகளுடையது. தாமிரபரணி மலையை விட்டு இறங்குகிற இடத்தில், விக்கிரமசிங்கபுரத்தில் ஆற்றுத் தண்ணீரின் வேகத்தால் ஓடிய மில்லும் அவர்களுடையதே. தூத்துக்குடியில் வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனிக்கு ஏஜெண்டுகளும் அவர்களே. ஆற்றின் தலையும் கடலின் வாசலும் ஒரே கையில் இருந்தன. அந்தக் கையைத் தட்டிவிட்டால் சும்மா விடுவார்களா?

நான் குடியிருக்கும் வண்ணார்பேட்டையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஆற்றுப் பாலம். சுலோசன முதலியார் தம்முடைய சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிக்கொடுத்த பாலம், 1843-இல் திறந்தார்கள். அதை ஒட்டினாற்போலக் கொக்கிரகுளத்தில் கலெக்டர் கச்சேரி. 1908 மார்ச் 12-ஆம் தேதி கலெக்டர் விஞ்ச் பிள்ளையையும் சிவாவையும் பத்மநாப ஐயங்காரையும் கைது செய்ய உத்தரவிட்டார். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. கடைகள் அடைத்தன, மாணவர்கள் வெளியே வந்தார்கள், முனிசிபல் ஆபீஸ், தபாலாபீஸ், போலீஸ் ஸ்டேஷன், மண்ணெண்ணெய்க் கிடங்கு எல்லாவற்றிலும் தீ. போலீசார் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். டைட்டானிக் பிரயாணிகளின் பெயர்ப் பட்டியலை உலகம் மனப்பாடமாக வைத்திருக்கிறது. நம் ஊர்த் தெருவில் விழுந்த அந்த நான்கு பேருடைய பெயரை எங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜூலை 7-ஆம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். பிள்ளைக்கு இரண்டு ஆயுள் தண்டனை; ஆக 40 வருஷம். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனால் கப்பலுக்கு மேல்முறையீடு இல்லை. ஓட்டுகிறவர் உள்ளே போனதும் வெளியே கம்பெனி தள்ளாடிற்று, 1911-இல் கலைத்தார்கள். கப்பல்கள் கைமாறிப் போயின. ஒரு கப்பலைப் போட்டிக் கம்பெனியே வாங்கிக்கொண்டது என்பது சிறைக்குள் பிள்ளைக்கு எட்டிய செய்திகளிலெல்லாம் கொடிய செய்தி என்று அவருடைய கதையைச் சொல்லுகிறவர்கள் சொல்லுவார்கள்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். சாமான் எங்கே? தண்ணீரில் முழுகியிருந்தால் எங்கேயாவது மணலில் ஒரு தட்டாவது நின்றிருக்கும். விலைபோன கப்பலுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. பெயர் மாறும், சாயம் மாறும், கடைசியில் உடைத்து எடைக்குப் போடுவார்கள். காலியாவின் மணியையோ, லாவோவின் சுக்கானையோ வைத்திருக்கும் ஒரு காட்சிசாலையை நான் பார்த்ததில்லை.

நான் பார்த்த ஒரே சாமான் சென்னை கிண்டியில் காந்தி மண்டபத் தோட்டத்தில் இருக்கிறது. அது செக்கு. கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகப் பிள்ளையைப் பூட்டி இழுக்கவைத்த செக்கு. நான் போன அன்று அதன் முன்னால் நிறையப் பேர் நின்றார்கள். ஒரு தகப்பனார் தம் குழந்தைக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் சிறை இருந்தது, சவுக்கு இருந்தது, வெயில் இருந்தது. கப்பல் இல்லை. அவர்மேல் தப்பில்லை, கண்முன்னால் இருக்கிற சாமானைப் பற்றித்தானே பேச முடியும்?

எனக்கு அங்கேதான் மனசு உறுத்தியது. செக்கு வெள்ளைக்காரன் கொடுத்த சாமான். தண்டனை சின்னமாக அவன் செய்து வைத்ததைத்தான் நாம் பத்திரப்படுத்தியிருக்கிறோம். பிள்ளையவர்கள் செய்த சாமான் கப்பல். அது நம்மிடம் இல்லை. செக்கைப் பார்த்தால் ஒரு மனிதர் பட்ட கஷ்டம் தெரியும், கண்ணில் தண்ணீர் வரும், கும்பிட்டுவிட்டு வருவோம். கப்பலைப் பார்த்தால் வேறொன்று தெரிந்திருக்கும். அது ஒரு மனிதருடையதல்ல. 25 ரூபாய் போட்ட ஆயிரக்கணக்கான பேருடையது. தியாகி என்று ஒருவரைத் தூக்கி வைத்துவிட்டால் மற்றவர்களை மறந்துவிடுவது சுலபம். பங்குதாரர் என்றால் அப்படி மறக்க முடியாது. பெயர், ஊர், தொகை எல்லாம் ஏட்டில் இருக்கும்.

நல்ல வேளையாக, இந்தக் கடலிலும் முக்குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். முத்து எடுத்த சீமையல்லவா? ம. பொ. சிவஞானம் அவருடைய வாழ்க்கையை எழுதிக் 'கப்பலோட்டிய தமிழன்' என்ற பட்டத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1961-இல் அதே பெயரில் வந்த சினிமா, கப்பலைப் பார்க்காத தலைமுறைக்கு ஒரு கப்பலைக் காட்டிற்று. நம் காலத்தில் ஆ. இரா. வேங்கடாசலபதி பழைய தஸ்தாவேஜுகளுக்குள் இறங்கி, அந்த 1908 மார்ச் மாதத்தைப் பற்றி 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்ற புத்தகத்தை எழுதியிருக்கிறார். 2024-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி பரிசு அதற்குக் கிடைத்தது. போலீஸ் ரிப்போர்ட்டுகளிலிருந்தும் பழைய பத்திரிகைகளிலிருந்தும் ஒவ்வொரு பெயராக மேலே கொண்டுவருவது, 12,500 அடி ஆழத்திலிருந்து பீங்கான் எடுப்பதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

ஆனால் இன்னும் ஓர் ஆழம் இருக்கிறது. அங்கே ஆராய்ச்சிக்காரர் இறங்க முடியாது. வாசகர்கள்தான் இறங்க முடியும். 40,000 பங்கு என்று வைத்த கம்பெனி அது. விற்ற பங்குக்கெல்லாம் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அவை எங்கே போயின? கம்பெனி கலைந்ததும் காசுக்கு உதவாது என்று சிலர் கிழித்துப் போட்டிருப்பார்கள். போலீசுக்குப் பயந்து சிலர் அடுப்பில் போட்டிருப்பார்கள். எல்லோருமா அப்படிச் செய்திருப்பார்கள்? நம்முடைய வீடுகளில் உதவாத காகிதத்தைக் கூடப் பழைய பத்திரத்தோடு சேர்த்துத் துணியில் முடிந்து வைக்கிற வழக்கம் உண்டு. தோல்பைக்குள் இருந்த கடிதம் கடலுக்கடியில் பிழைத்ததென்றால், தகரப் பெட்டிக்குள் இருக்கும் பத்திரம் பரணில் பிழைத்திருக்கக் கூடாதா?

திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய வீடுகளை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். பரண்களெல்லாம் காலியாகின்றன. பழைய பேப்பர்க்காரர் தராசோடு வாசலில் நிற்கிறார். அவரிடம் போடுவதற்கு முன்னால் அந்த மூட்டையை ஒரு தடவை அவிழ்த்துப் பாருங்கள். தாத்தாவுக்குத் தாத்தா பெயரில், 25 ரூபாய்க்கு, ஒரு கப்பலின் சின்னத் துண்டு அதில் இருந்தாலும் இருக்கும்.